பாவாயி காட்டின் தலைப்பிரசவம்

பாவாயியின் ரெண்டு ஏக்கர் காடு முழுகாமல் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது கோகிலவாணியின் கண்ணாடிக் குழாய்களோ மண் பரிசோதனைத் தாள்களோ அல்ல, சுத்துப்பட்டு ஏழு ஊரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிரசவம் பார்க்கிற தங்காயிதான், ஆடிப்பெருக்கு கழிந்த நாலாம் நாள் காலையில் அந்தப் பக்கமாகப் போனவள், முந்தின நாள் விதைத்த நிலக்கடலை அத்தனையும் ஒன்று விடாமல் வெளியே வந்து வரப்போரம் குவிந்துகிடப்பதைப் பார்த்தாள், குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்தாள், அள்ளின இடத்திலேயே அதைப் பதமாக வைத்துத் தட்டிக்கொடுத்தாள், "மசக்கைங்க. முப்பது நாள் இருக்கும். ஆட்டுக்கு அஞ்சு மாசம், மாட்டுக்கு ஒம்பது, காட்டுக்கு ஒரு பட்டம். கார்த்திகையில கையில புள்ளை," என்று சொல்லிவிட்டு, எங்கோ ஒரு வெள்ளாட்டுக்குக் குட்டி தலைமாறிக் கிடக்கிறது என்று வேகமாக நடந்து போய்விட்டாள்.

கல்லாங்காட்டுப்புதூரில் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், ஒரு முழு மலையை உடைத்து அரைத்து லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற ஊர் அது. நேற்றுவரை கிழக்கே நின்ற மலை இன்று ஏதோ ஊரில் மேம்பாலமாக நிற்கிறது என்பதையே சாதாரணமாக எடுத்துக்கொண்டவர்களுக்கு, ஒரு காடு (வானம் பார்த்த பூமிக்கு அந்தப் பக்கத்தில் காடு என்றுதான் பெயர்) பிள்ளை உண்டாகியிருப்பது பெரிய சமாசாரமாகப் படவில்லை. காலாகாலத்தில் நடக்கவேண்டியதுதானே என்று சொல்லிவிட்டுப் பெண்கள் கையோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அடுத்த கேள்வி, அப்பன் யார் என்பது.

கோகிலவாணி மட்டும் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கல்லுடைக்கிறவரின் மகள். கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் படித்து, சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்று, ஒருநாள் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஊர் திரும்பியவள். மண்ணுக்குத் தாய் பாறை, பாறை தேய்ந்துதான் மண் பிறந்தது, யூரியாவைத் தின்று தின்று நாக்குச் செத்துப்போன மண்ணுக்கு மறுபடி தாயின் சத்தைக் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடும் என்பது அவள் கட்சி. அதற்காகக் கல்குவாரியில் குப்பையாகக் கொட்டிக்கிடந்த கிரஷர் தூசியைச் சலித்து, சுண்ணாம்பும் ஜிப்சமும் கலந்து, புளித்த மோர் ஊற்றி, இருபத்தியொரு நாள் பீப்பாயில் ஊறவைத்து, சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒன்றை உண்டாக்கி அதற்குப் பாறைப்பால் என்று பெயரும் வைத்திருந்தாள். பேர் நன்றாகத்தான் இருக்கிறது, நாற்றம்தான் சகிக்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

அதை விற்க அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் ஒரு பட்டம் பயிர் வைத்துக் காட்ட வேண்டும். அலுவலகத்து விதி இப்படிச் சொன்னது: சொந்த நிலம் உள்ளவர்கள் எத்தனை முறை தோற்றாலும் மறுபடி சோதித்துக் காட்டலாம், அடுத்தவர் நிலத்தில் சோதிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு முறைதான். கோகிலவாணிக்குக் கையகல நிலம் கிடையாது, அவள் அப்பனுக்கும் கிடையாது, அவர் அப்பனுக்கும் கிடையாது. ஊரெல்லாம் கெஞ்சிக் கடைசியில் பாவாயிதான், எட்டு வருடமாக ஒரு கொள்ளுச்செடிகூட ஒழுங்காக முளைக்காத தன் காட்டைக் காட்டி, செத்த பாம்பை அடிக்கிறதுக்கு என்ன, அடிச்சுக்கோ என்று விட்டிருந்தாள். ஆனியில் பாறைப்பால் ஊற்றியாயிற்று, ஆடியில் விதைத்தாயிற்று, கார்த்திகையில் அதிகாரி வந்து கடலைச்செடியை எண்ணிப் பார்ப்பார். காடு பிள்ளைபெறப் போனால் கடலை எங்கே முளைக்கும்? ஐந்து வருட உழைப்பு, ஒரே ஒரு வாய்ப்பு, அது இப்போது வரப்போரம் குவிந்து கிடந்தது.

அப்பன் யார் என்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பாவாயியின் செம்மண் காட்டுக்கு மேற்கே நாச்சிமுத்துவின் கரிசல் காடு. ரெண்டுக்கும் நடுவே ஒரு வரப்பு. அந்த வரப்பின் மேல் ரெண்டு பேருக்கும் பத்தொன்பது வருடத் தகராறு. உழவுக்கு முன்னால் பாவாயி தன் பக்கத்திலிருந்து மண்வெட்டியால் ரெண்டு விரல்கடை சீவித் தன் காட்டோடு சேர்த்துக்கொள்வாள், அதைப் பார்த்துவிட்டு நாச்சிமுத்து தன் பக்கத்திலிருந்து ரெண்டு விரல்கடை சீவிக்கொள்வார், அதைப் பார்த்துவிட்டுப் பாவாயி மறுபடி, இப்படிப் பட்டத்துக்குப் பட்டம் சீவிச் சீவி, ஒரு காலத்தில் மாட்டுவண்டி போன வரப்பு, பிறகு ஆள் போகிற வரப்பாகி, ஆடு போகிற வரப்பாகி, ஓணான்கூட யோசித்துக் கால்வைக்கிற வரப்பாகி, இந்த ஆனியில் கோகிலவாணி பாறைப்பால் ஊற்றிய மூன்றாம் நாள் அடித்த ஒரு மழையில் இல்லாமலே போய்விட்டது. செம்மண்ணும் கரிசலும் ஒரு ராத்திரி முழுக்க ஒன்றாகக் கிடந்தன. விடிந்ததும் ரெண்டு பேரும் பதறிக்கொண்டு வந்து வரப்பைத் திரும்பப் போட்டுவிட்டார்கள்தான். ஆனால் போட்டு என்ன.

"உன்ற காட்டை நீ கட்டிவெச்சு வளர்த்தியிருக்கோணும்," என்று பாவாயி காட்டோரத்து இட்டேரிப் பாதையில் நின்று கத்தினாள்.

"என்ற காடு அது பாட்டுக்குத் தேமேன்னு கெடந்துச்சு. உன்ற காடுதான் பாலைக் குடிச்ச தெம்புல இக்கட்ட, என்ற பக்கம், வந்திருக்குது," என்றார் நாச்சிமுத்து. அவர் மீசை துடித்தது.

"பொட்டக் காட்டைப் பத்தி நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசாத!"

"அப்ப அந்த அம்மிணியவே கேளு, அவ ஊத்துன பாலுதானே!"

ரெண்டு பேரும் ஊரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலவாணி எழுந்து நின்றாள். "நான் சத்துத்தாங்கண்ணா குடுத்தேன்," என்றாள் மெல்ல. "மத்ததெல்லாம் அவங்களாப் பார்த்துக்கிட்டதுங்க."

இது ஞாயம் என்று ஊருக்குப் பட்டது. ஊர்க்கூட்டம் போட்டுப் பேசி, நடந்தது நடந்துபோச்சு, புள்ளை பொறக்கிறதுக்குள்ள முறைப்படி கண்ணாலத்தைப் பண்ணிவிடுவோம் என்று முடிவானது. கல்யாணச் சீர் செய்கிற அருமைக்காரர், பெண்ணுக்கு வலது பக்கம் எது என்று மட்டும் கேட்டுவிட்டு, வேறெதுவும் கேட்காமல் ஒரு புதன்கிழமை வந்து, எண்ணூறு முழம் மஞ்சள் கயிற்றைப் பாவாயி காட்டின் நாலு எல்லைக்கல்லையும் சுற்றி ஓட்டி, வடமேற்கு மூலைக்கல்லில் மூன்று முடிச்சுப் போட்டார். மாப்பிள்ளைக் காட்டுக்குப் பதிலாகக் கரிசல் கட்டி ஒன்றைத் தட்டில் வைத்து உருமால் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். வடக்கே எங்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்த பாவாயியின் புருஷனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, அவர், மொய் எழுதுறவங்க பேரைச் சரியா எழுதச் சொல்லு என்றார்.

கல்யாணத்தன்று ஒரு சிக்கல் வந்தது. பெண்ணுக்குப் பிறந்தவீடு எது? தலைப்பிரசவத்துக்குச் சீர் கொண்டுவருவது யார்? மண்ணுக்குத் தாய் பாறைதான் என்று பீப்பாய் பீப்பாயாகச் சொல்லி ஊற்றியவள் கோகிலவாணி, ஆகவே பாறை வீட்டு ஆள் அவள்தான் என்று அருமைக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆக, அனுமதி வாங்கித் தொழில் செய்ய வந்தவள், ஒரு மத்தியானத்துக்குள் ரெண்டு ஏக்கர் கர்ப்பிணிக்குப் பிறந்தவீட்டுக்காரியாகிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு வேறு சோலியே இல்லை. காடு புளிப்புக் கேட்டது. வாய்விட்டு எங்கே கேட்டது, புளிப்பு வைத்திருக்கிறவன் காலைப் பிடித்துக்கொண்டது. அவசரத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிய பஸ் கண்டக்டர், தூக்குப்போசியில் எலுமிச்சை ஊறுகாய் வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக, கணுக்கால் வரை மண்ணில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸும் பயணிகளும் முக்கால் மணிநேரம் காத்துக்கிடக்க, ஊறுகாயைக் கொட்டிவிட்டுத்தான் மீண்டு வந்தார். அடுத்த நாளிலிருந்து அவர் டிக்கெட்டோடு பயணிகளிடம், மாங்காய் கீங்காய் இருந்தால் எறிந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லத் தொடங்கினார். பிறகு காடு சாம்பல் கேட்டது, சிலேட்டுக்குச்சி கேட்டது, இடிந்த வீட்டுக் காரை கேட்டது. மாரியம்மன் கோவில் பின்சுவரில் பாதி அப்படித்தான் போனது. பெண்கள் முறைவைத்துக்கொண்டு போய்க் காலை வெயிலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் தலைப்பிரசவக் கதையைச் சொன்னார்கள், அவரவர் மாமியாரைப் பற்றிச் சொன்னார்கள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காடு மெல்ல மெல்ல நடுவில் மேடு தட்டிக்கொண்டு வந்தது.

கர்ப்பிணி காதில் சண்டை விழக்கூடாது என்று தங்காயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பாவாயியும் நாச்சிமுத்துவும்தான் ரொம்பச் சிரமப்பட்டார்கள். சண்டை போடாமலும் இருக்க முடியாது, காட்டுப் பக்கத்தில் வாயைத் திறக்கவும் முடியாது. ஆகையால் கோபம் வந்தால் ஒருவருக்கொருவர் சைகை காட்டிவிட்டு, ரெண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றரை மைல் நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய், அங்கே நின்று ஆசைதீரக் கத்திவிட்டு, தொண்டைக்கு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பல நாள் நடந்துபோய்ச் சேருவதற்குள் எதற்காகக் கோபம் என்பது ரெண்டு பேருக்கும் மறந்துவிட்டது. அப்போது நாச்சிமுத்து பழைய சண்டையில் ஒன்றை ஞாபகப்படுத்துவார், பாவாயி அதையே வைத்துச் சமாளித்துக்கொள்வாள்.

இத்தனை கூத்திலும் கோகிலவாணிக்குச் சோறு இறங்கவில்லை. புரட்டாசி கடைசியில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: கார்த்திகை ஐந்தாம் தேதி, காலை பத்து மணி, பூத்த பயிரைக் காட்டத் தயாராக இருக்கவும். அவளுக்கு ஒரு வழி தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாறைப்பாலை மூன்று பங்கு கெட்டியாக ஊற்றி, டிராக்டர் விட்டு ஆழ உழுது மறுபடி விதைத்தால், மண்ணுக்கு வயிற்றில் இருப்பது மறந்துபோகும், மேலே இருப்பதுதான் ஞாபகம் வரும், ஒரு வாரத்தில் கடலை பிடித்துக்கொள்ளும், முப்பதாம் நாள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துவிடும். பிள்ளை தங்காது. பால் ஊற்றியது யாருக்கும் தெரியவும் தெரியாது, கூடி வரவில்லை என்று தங்காயியே சொல்லிவிட்டுப் போவாள். ஆடுகளில் அது நடக்கிறதுதான்.

ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த ஒரு வெயில் நேரத்தில், கோகிலவாணி ரெண்டு கேனில் கெட்டிப்பால் நிரப்பித் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வந்தாள். முதல் கேனின் மூடியைத் திறந்தாள். வாசம் வந்ததும் காடு, பசித்த பிள்ளை பால்பாட்டில் சத்தம் கேட்டுத் திரும்புவதைப்போல, அவள் பக்கமாக லேசாகச் சாய்ந்தது. அவளை அது நம்பிற்று, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அவள் பாதத்தை முட்டியது. ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பிறகு, இன்னொரு முறை.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சிமெண்ட் ஆலையில் கோட்டைக் கழற்றிய அன்று, செத்துக்கிடக்கிற மண்ணுக்கு உயிர் வரவேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். வந்திருக்கிறது, இதற்குமேல் ஒரு மண் எப்படித்தான் உயிரோடு இருக்கும், ஆனால் அந்த உயிருக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு, மூடியைத் திருகி, ரெண்டு கேனையும் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். வரும்போது கேன்கள் கனத்தன. திரும்பும்போதும் அதே கனம்தான், ஆனால் அவள் நடுவில் ஒரு இடத்திலும் இறக்கிவைக்கவில்லை.

ஐப்பசியில் பிறந்தவீட்டுச் சீரோடு கட்டுச்சோறு விருந்தை அவள்தான் நடத்தினாள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று அண்டா அண்டாவாகக் கட்டிக்கொண்டு ஊரே வந்தது. வளையல் போடக் கை எங்கே என்று கொஞ்சநேரம் தேடிவிட்டு, ஓரத்தில் தண்ணீர் இல்லாமல் நின்ற போர்வெல் குழாயில் நூற்றெட்டுக் கண்ணாடி வளையல்களை மாட்டினார்கள். அன்றைக்கு அந்தப் போரில் தண்ணீர் வரவில்லை. ஆனால் எள்ளுச்சோறு அத்தனையும் ஒரு மணிநேரத்தில் காணாமல்போனது.

கார்த்திகை ஐந்தாம் தேதி சரியாகப் பத்து மணிக்கு அதிகாரி சத்தியசீலன் வந்தார். விதியை மீறாதவர், லஞ்சம் வாங்காதவர், டீகூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருகிறவர். ஒரு கையில் குடையும் மறு கையில் அளவுநாடாவும் கக்கத்தில் படிவமுமாக, தூறலில் காட்டோரம் வந்து நின்று, காட்டின் நடுவே ஒரு குன்று விம்மிக்கொண்டிருப்பதையும் சுற்றிலும் ஊர்ப் பெண்கள் வெந்நீர் அண்டாவோடு ஓடிக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

"பயிர் எங்கேம்மா?"

"பயிர் இல்லைங்க சார்," என்றாள் கோகிலவாணி. "வலி எடுத்திருக்குதுங்க."

சத்தியசீலன் படிவத்தைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். "எப்போதிலிருந்து?" என்று கேட்டார்.

"வெடியக்காலம் நாலு மணியிலிருந்துங்க."

அவர் அதையும் குறித்துக்கொள்ளப் போகும்போது தங்காயி சத்தம் போட்டாள். "ஏனுங், சும்மா நின்னா எப்படி? அந்தக் குடையைக் கொண்டாந்து தலைமாட்டுல புடிங்க. மூஞ்சியில தண்ணி உழுகுது பாருங்க!" எது தலைமாடு என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ரெண்டு ஏக்கருக்கும் சேர்த்து அந்த ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, வடமேற்கு மூலைக்கல் பக்கத்தில் ஒரு மணிநேரம் அசையாமல் நின்றார். நாச்சிமுத்து இட்டேரியில் மேலும் கீழும் நடந்தார். அவருடைய கரிசல் காடு வரப்புக்கு அந்தப் பக்கம் வேர்த்து வேர்த்து ஈரமாகிக்கொண்டிருந்தது.

பதினொன்றே காலுக்குக் காடு ஒருமுறை நன்றாக மூச்சை இழுத்தது, வரப்போரம் மண் விலகியது, தங்காயி முழங்கை வரை கையை விட்டு, "வந்துட்டுது, வந்துட்டுது, இன்னும் சித்த முக்கு கண்ணு," என்று சொல்லிக்கொண்டே பதனமாக வெளியே இழுத்தாள்: ரெண்டு கயிற்றுக்கட்டிலைச் சேர்த்துப் போட்ட அளவில் ஒரு குட்டி நிலம். கட்டைவிரல் உயரத்தில் நாலு பக்கமும் அதற்கென்று பிஞ்சு வரப்பு, நடுவில் உள்ளங்கை அளவு தண்ணீர், அதில் ஒரே ஒரு மண்புழு. அது குரல் எடுத்து அழவில்லை, மண்வாசனைதான் எழுந்தது. பஸ் நிறுத்தம் வரை அடித்த அந்த வாசனையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், என்ன குழந்தை என்று கேட்டுக்கொண்டு எழுந்து வந்தார்கள்.

உடம்பெல்லாம் செம்மண். மேற்கோரம் மட்டும் ஒரு முழ அகலத்துக்குக் கருகருவென்று கரிசல். நாச்சிமுத்து அதைப் பார்த்ததும் தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "என்ற காட்டுச் சாயல்," என்றார், "அச்சு அசல் என்ற காட்டுச் சாயலேதான்."

சத்தியசீலன் குடையை மடக்கிவிட்டுப் படிவத்தை எடுத்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "எதிர்பார்க்கும் விளைச்சல் என்கிற கட்டத்தில் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று கேட்டிருக்கிறார்களம்மா. நிலமே விளைந்தால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எனக்கு வேறு வழியில்லை." அவர் 'இல்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு, குழந்தையைத் தொட்டுப் பார்த்த மண்கையோடு கையெழுத்தும் போட்டார். ஐந்து வருடம் ஒரே வார்த்தையில் முடிந்துபோனதைக் கோகிலவாணி பக்கத்தில் நின்று பார்த்தாள். வலித்தது. குனிந்து குட்டி நிலத்தின் மேல் தன் முந்தானையைப் போர்த்தினாள், தூறல் அப்போதுதான் கொஞ்சம் வலுத்திருந்தது.

பிள்ளை பிறந்துவிட்டதால் இனிக் கத்தலாம் என்பது ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. நூறு நாளாக ஒன்றரை மைல் நடந்து போட்ட சண்டையை வீட்டுவாசலிலேயே போடக் கிடைத்த சந்தோஷத்தில், பெத்தது என்ற காடு என்று பாவாயியும், பேர் சொல்ல வந்தது என்ற காட்டுக்கு என்று நாச்சிமுத்துவும் பக்கத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்கள். அருமைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் பாவாயிதான் மூச்சுவாங்கி நிறுத்தி, நாச்சிமுத்துவை முறைத்துப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"நம்மூர்ல மேய்ச்சு வளர்த்த வாரத்துக்கு விட்ட மாடு கன்னு போட்டா, மொத ஈத்துக் கன்னு யாருக்கு?"

"மேய்ச்சவங்களுக்கு," என்றார் நாச்சிமுத்து யோசிக்காமல். சொல்லிவிட்டுத்தான் யோசித்தார். யோசித்துவிட்டு, "உனக்குப் போறதுக்கு அந்த அம்மிணிக்கே போவட்டும்," என்றார்.

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன். எனக்கு முந்தி நீ எதுக்குச் சொல்ற?" என்றாள் பாவாயி. அதற்கும் ஒரு பாட்டம் சண்டை நடந்தது.

அது அடங்கியதும் பாவாயி கோகிலவாணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அன்னைக்கு ரெண்டு கேனைத் தூக்கிட்டு வந்தயே, மாட்டுக்கொட்டாய்ல இருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்," என்றாள். "ஓடி வந்து தடுத்திருப்பேன். சரி, இவ என்னதான் பண்றாள்னு பார்ப்போம்னு விட்டுட்டேன். நீ திருப்பி எடுத்துட்டுப் போனதுக்கப்புறம் எனக்குக் கஞ்சி குடிக்க முடியல அம்மிணி. எடுத்துட்டுப் போ. உன்ற புள்ளைதான் இது."

நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்க, கோகிலவாணியின் கொட்டகைக்குப் பின்னால், குவாரிக்காரர்கள் உடைக்காமல் விட்ட வெறும் பாறைமேல் அதைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, இதற்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பதா பட்டா கொடுப்பதா என்று மூன்று நாள் குழம்பிவிட்டு, ரெண்டையுமே கொடுத்துவிட்டுப் போனார். ரெண்டிலும் கோகிலவாணி பெயர்தான் இருந்தது. அவள் குடும்பத்தில் மண்ணோடு சேர்த்து ஒரு பெயர் எழுதப்படுவது அதுதான் முதல் தடவை. அவள் அதை அப்பனுக்குப் படித்துக் காட்டினாள், அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

சரியாகப் பதினைந்தாம் நாள் சத்தியசீலன் மறுபடி வந்தார். மூச்சிரைக்கப் பாறைமேல் ஏறி, பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து விரித்தார். முகமெல்லாம் சிரிப்பு, பதினைந்து நாளும் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்திருப்பார்போல.

"உங்கள் பெயரில் இப்போது நிலம் இருக்கிறதம்மா. எவ்வளவு இருக்கவேண்டும் என்று விதியில் எங்குமே சொல்லவில்லை, நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். சொந்த நிலம் உள்ளவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம். உங்கள் பாறைப்பாலை இன்றைக்கே ஊற்றுங்கள், இன்றைக்கே விதையுங்கள், நான் தேதி போட்டுவிடுகிறேன். இந்தத் தடவை அனுமதி கிடைக்காமல் போகாது."

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். கொட்டகையில் ஆறு பீப்பாயிலும் பால் நுரைத்துத் ததும்பிக்கொண்டிருந்தது. பாறைமேல் ரெண்டு கட்டில் அகலத்துக்கு அது, காலை வெயிலில், பிஞ்சு வரப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்," என்றாள் அவள். "இன்னும் தலையே நிக்கலைங்க."